தாவர உட்கருவுக்குள் மரபணுவும் புரதமும் எங்கே இருக்கின்றன? பார்ப்பதும் அளப்பதும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஓர் உட்கருவை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான கோளம் என்றே வைத்துக்கொள்வோம். விளிம்பிலிருந்து உள்நோக்கி 1 மைக்ரோமீட்டர் வரைக்குமான ஓடு, மொத்தக் கன அளவில் எத்தனை சதவீதம்? கேட்டவுடன் பலரும் 20 என்பார்கள். விடை 49. ஆரத்தில் அது ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் கன அளவு ஆரத்தின் மும்மடியாக ஏறுகிறது. ஆக, ஒரு மரபணுவுக்கு எந்த இடத்தின் மீதும் நாட்டம் இல்லாவிட்டாலும், பாதி செல்களில் அது ஓரத்தில்தான் தென்படும்.

நுண்ணோக்கி பழக என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். “என் மரபணு உட்கருவின் ஓரத்தில் இருக்கிறது” என்று ஒருவர் படத்தோடு வந்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: தற்செயலாக விழுந்திருந்தால் எங்கே இருந்திருக்கும்? அந்த எண் கையில் இல்லாமல் எந்தப் படமும் எதையும் சொல்லாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒப்பீட்டை நேர்மையாகச் செய்வதற்கான வழி.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்

ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் தொடங்குவது நல்லது. 2n = 10 (ஒரு செல்லில் பத்துக் குரோமோசோம்கள்), சிறிய ஜீனோம் (மொத்த டிஎன்ஏ தொகுப்பு), 2000-ஆம் ஆண்டிலேயே முழு வரிசையும் வெளிவந்துவிட்டது. டிஎன்ஏ-வில் ஒட்டி ஒளிரும் டாபி சாயத்தைப் போட்டுப் பார்த்தால் மங்கலான பின்னணியில் பளிச்சென்று சில புள்ளிகள் தெரியும். அவைதான் குரோமோசென்டர்கள்: குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரின் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளும் அதையொட்டிய ஹெட்டிரோகுரோமாட்டினும் (பெரும்பாலும் அடங்கிய டிஎன்ஏ பகுதி) இறுகிச் சேர்ந்த இடங்கள். சாதாரண இருமடிய உட்கருவில் இவை பத்தைத் தாண்டுவதில்லை. சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் பெரும்பாலும் பத்துக்குக் குறைவாகவே இருக்கும். மரபணுக்கள் நிறைந்த பகுதி இந்தப் புள்ளிகளிலிருந்து பூவிதழ்கள் போல வளையம் வளையமாக வெளியே வருகிறது. நடுவில் டாபி ஏறாத ஒரு கருப்பு வட்டம் இருக்கும். அது நியூக்ளியோலஸ், ரைபோசோம்கள் உருவாகும் இடம். அராபிடாப்சிஸில் டெலோமியர்கள், அதாவது குரோமோசோம்களின் முனைகள், இந்த நியூக்ளியோலஸைச் சுற்றியே கூடுகின்றன. ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் 2, 4 ஆகிய குரோமோசோம்களில் இருப்பதால் அவையும் அதனருகில் இழுக்கப்படுகின்றன. மற்றபடி எந்தக் குரோமோசோம் எதன் பக்கத்தில் இருக்கும் என்பதில் பெரிதாக ஒழுங்கு கிடையாது.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் நிலைமையே வேறு. அங்கே சென்ட்ரோமியர்கள் எல்லாம் உட்கருவின் ஒரு முனையிலும், டெலோமியர்கள் எதிர் முனையிலும் நிற்கும். கார்ல் ராபல் 1885-இல் சாலமாண்டர் செல்களைப் பார்த்து விவரித்த அமைப்பு இது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஒரு செடியில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப்போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

விலங்கு செல்கள் பற்றிய பாடப்புத்தகத்தோடு தாவரத்துக்கு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விலங்குகளில் உட்கரு உறையின் உட்புறம் லாமின் என்ற புரதங்களின் வலை இருக்கிறது. தாவரங்களில் லாமின் மரபணுவே கிடையாது. அந்த இடத்தில் நிற்பவை நீளமான சுருள் அமைப்புள்ள வேறு புரதங்கள். முதலாவது 1997-இல் கேரட் செல்களில் அடையாளம் காணப்பட்டது. அராபிடாப்சிஸில் இந்தக் குடும்பத்துக்கு கிரவுன் என்று பெயர், நான்கு மரபணுக்கள். ஓரத்தைக் காட்டும் அடையாளப் புரதம் வேண்டுமென்றால் கிரவுன்-1 நல்ல தேர்வு. லாமினுக்கான ஆன்டிபாடியை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

எந்தச் செல் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்

அராபிடாப்சிஸ் இலையில் செல்கள் பிரியாமலே டிஎன்ஏ-வை மட்டும் இரட்டித்துக்கொண்டே போகும். 2சி, 4சி, 8சி, 16சி, அதற்கு மேலும் உண்டு (சி என்பது ஒரு ஒற்றைக் குரோமோசோம் தொகுப்பின் டிஎன்ஏ அளவு). ஒரே இலையில் பத்து உட்கருக்களைப் பார்த்தால் அளவும் வடிவமும் பத்து விதமாக இருக்கும். 8சி உட்கருவில் ஒரு மரபணுவுக்கு எத்தனை புள்ளிகள் தெரியவேண்டும் என்பதே சிக்கலான கேள்வி, ஏனென்றால் சகோதர நூல்கள் (இரட்டித்த பிரதிகள்) எல்லா இடத்திலும் ஒட்டியே இருப்பதில்லை.

எனக்குப் பிடித்தவை இலைத்துளையின் காப்புச் செல்கள். அவை 2சி-யிலேயே நின்றுவிடுகின்றன, மேல்தோலில் இருப்பதால் லென்ஸுக்கு நெருக்கம், வடிவத்தை வைத்து யாரும் அடையாளம் கண்டுவிடலாம். வேர் நுனியும் நல்லது. பச்சையம் இல்லை, உட்கருக்கள் ஏறக்குறைய உருண்டை. முதிர்ந்த இலையின் நீளமான, தட்டையான உட்கருவை முதல் சோதனைக்கு எடுக்க வேண்டாம்.

புரதத்தைப் பார்ப்பது

வழக்கமான வழி, புரதத்தோடு ஜிஎஃப்பி என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்துச் செடியில் வெளிப்படுத்துவது. ஜெல்லிமீனிலிருந்து வந்த மூல ஜிஎஃப்பி வரிசையில் 84 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஒரு துண்டை அராபிடாப்சிஸ் செல், ஆர்என்ஏ-விலிருந்து நீக்கவேண்டிய இடைத்துண்டு (இன்ட்ரான்) என்று நினைத்து வெட்டிவிடும். 1997-இல் ஜிம் ஹேசலாஃப் குழு அதைக் கண்டு திருத்தியது. இன்று கிடைக்கும் தாவர வெக்டர்களில் (மரபணுவைச் செடிக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ) திருத்திய வடிவமே இருக்கிறது, ஆனால் பழைய பிளாஸ்மிடு ஒன்றை உறைபெட்டியிலிருந்து எடுத்தால் வரிசையைச் சரிபாருங்கள்.

அடுத்தது கண்ட்ரோல். தனி ஜிஎஃப்பி-யின் எடை 27 கிலோடால்டன்தான். உட்கருத் துளை வழியே அது தானாகவே உள்ளே போய்விடும். எனவே சிறிய புரதத்தோடு ஒட்டிய ஜிஎஃப்பி உட்கருவில் தெரிகிறது என்றால் அது அங்கே அனுப்பப்பட்டது என்று பொருளல்ல. இரண்டு மூன்று ஜிஎஃப்பி-க்களைக் கோத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்போதும் உள்ளே போனால்தான் இம்போர்ட்டின் என்ற சுமப்புப் புரதம் பிடித்து இழுத்துச் செல்லும் முகவரி வரிசை அதில் இருக்கிறது என்று சொல்லலாம். அந்த வரிசையை மாற்றிவிட்டு, வெளியே நின்றுவிடுகிறதா என்றும் பாருங்கள். கூடவே வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் சோதனை) ஒன்று: இணைப்பு முழுதாக இருக்கிறதா, உடைந்து ஜிஎஃப்பி மட்டும் திரிகிறதா?

புகையிலையின் உறவான பெந்தாமியானா இலையில், செடிக்குள் டிஎன்ஏ-வைக் கடத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை ஊசியில்லாத சிரிஞ்சால் செலுத்தி, இரண்டு மூன்று நாளில் பார்ப்பது வேகமான வழி. உட்கருவா சைட்டோபிளாசமா என்று தெரிந்துகொள்ள அது போதும். உட்கருவுக்குள் எந்த இடம் என்று கேட்டால் அதை நான் நம்புவதில்லை. 35எஸ் என்ற வலுவான புரோமோட்டர் (மரபணுவை இயக்கும் பகுதி) அளவுக்கு மீறிப் புரதத்தைக் கொட்டும்போது பல புரதங்கள் தாமே திரண்டு உருண்டைகளாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், பொருள் இருக்காது. உட்புற இடம்தான் உங்கள் கேள்வி என்றால் மரபணுவின் சொந்தப் புரோமோட்டரோடு, அந்த மரபணு பழுதான செடிக்குள் இணைப்பைச் செலுத்துங்கள். செடி சரியாகிவிட்டால் இணைப்பு வேலை செய்கிறது. அதற்கப்புறம் எடுக்கும் படத்துக்கு மதிப்பு உண்டு.

பழகுவதற்கு ஒரு நல்ல பொருள் ஃபைட்டோகுரோம் பி, சிவப்பு ஒளியை உணரும் புரதம். ஜிஎஃப்பி இணைத்த நாற்றை இருட்டில் வளர்த்து, பச்சைப் பாதுகாப்பு விளக்கில் ஸ்லைடில் ஏற்றுங்கள். சைட்டோபிளாசம் முழுக்க மங்கலான ஒளிர்வுதான் இருக்கும், உட்கரு தனித்துத் தெரியாது. சிவப்பு ஒளி கொடுத்து வளர்த்த இன்னொரு நாற்றில் அதே புரதம் உட்கருவுக்குள் திரண்டிருக்கும். ஒளி வலுவாக இருந்தால் சில பெரிய புள்ளிகள், பலவீனமாக இருந்தால் நிறையச் சின்னப் புள்ளிகள். ஒளிக்கேற்ப இடமும் மாறுகிறது, இடத்தின் வடிவமும் மாறுகிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் ‘உட்கருவில் இருக்கிறது’ என்ற ஒற்றை வரியோடு நிற்கமாட்டார்கள். கவனிக்க வேண்டியது: ஜிஎஃப்பி-யைத் தூண்டும் 488 நானோமீட்டர் லேசரும் செடிக்கு ஒளிதான். இருட்டு நாற்றை வேகமாக முடியுங்கள், ஒரு நாற்றில் ஒரு உட்கருவோடு நிறுத்துங்கள்.

பச்சையம் 680 நானோமீட்டரையொட்டித் தானாக ஒளிரும், செல்சுவர் நீலத்தில் ஒளிரும். ஜிஎஃப்பி இல்லாத சாதாரணச் செடியை அதே அமைப்பில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மரபணுவைப் பார்ப்பது

இதற்கு ஃபிஷ், அதாவது ஒளிரும் டிஎன்ஏ துண்டை அதன் இணையோடு கோக்கும் முறை. அராபிடாப்சிஸுக்கு 100 கிலோபேஸ் அளவிலான பாக் குளோன்கள் (பாக்டீரியாவில் பெருக்கிய டிஎன்ஏ துண்டுகள்) புரோபாக, அதாவது தேடும் துண்டாக, நன்றாக வேலை செய்யும். திரும்ப வரும் வரிசைகள் இல்லாத குளோனாகப் பொறுக்குங்கள், இல்லையென்றால் எல்லாக் குரோமோசென்டர்களும் சேர்ந்து ஒளிரும்.

இளம் இலைகளை டிரிஸ் பஃபரில் கலந்த 4% ஃபார்மால்டிஹைடில், பனிக்கட்டி மேல், வெற்றிடத்தில் 20 நிமிடம் வையுங்கள். இலைக்குள் இருக்கும் காற்று வெளியேறாவிட்டால் ஃபார்மால்டிஹைடு உள்ளே போகாது. இலை மிதந்துகொண்டே இருந்தால் வேலை முடியவில்லை, மூழ்கி அடர்ந்த பச்சையானால் சரி. டிரிஸில் இருமுறை அலசி, உட்கருக்களைப் பிரித்தெடுக்கப் பயன்படும் எல்பி01 பஃபர் சில துளிகளில் இலையைப் போட்டுச் சவரபிளேடால் நறுக்குங்கள்.

இந்த நறுக்கலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் முழுச் சோதனையும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. புதுப் பிளேடை எடுங்கள், ஒவ்வொரு மாதிரிக்கும் ஒன்று. அழுத்தக் கூடாது, நேர்கீழாக, விரைவாக, மெல்லிய கீற்றுகளாக. பிளேடு மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கும், நசுங்கினால் உட்கருக்கள் உடைந்து டிஎன்ஏ நூல் நூலாக வழியும். பெட்ரி தட்டைக் குளிர்ந்த பரப்பில் வைத்து, துளியைத் தட்டின் ஒரு மூலையிலேயே கூட்டிக்கொண்டு நறுக்குங்கள். நீர் இளம்பச்சைக் குழம்பானதும் நிறுத்திவிட்டு, 35 முதல் 50 மைக்ரோமீட்டர் வலையில் வடிகட்டி, ஒரு துளியில் டாபி கலந்து பாருங்கள். விளிம்பு கூர்மையான, குரோமோசென்டர்கள் பளிச்சிடும் உட்கருக்கள் தெரிந்தால் மேலே போகலாம். ஃப்ளோ சைட்டோமீட்டர் (உட்கருக்களை டிஎன்ஏ அளவுப்படி பிரிக்கும் கருவி) இருந்தால் 2சி, 4சி என்று பிரித்து ஸ்லைடில் சொட்டுங்கள்.

மீதி வேலை சமையல் குறிப்பு மாதிரி நேராகப் போகும். ஆர்என்ஏஸ், கொஞ்சம் பெப்சின், மறுபடி ஃபார்மால்டிஹைடு, எத்தனால். 50% ஃபார்மமைடு, 10% டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட், 2 மடங்கு எஸ்எஸ்சி (உப்புக் கரைசல்) கலந்த கரைசலில் புரோபை வைத்து, 80 டிகிரியில் இரண்டு நிமிடம் சூடாக்கி இழைகளைப் பிரித்து, 37 டிகிரியில் ஈரப் பெட்டிக்குள் இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் 42 டிகிரியில் ஃபார்மமைடு கரைசலில் கழுவி, டாபி. ஃபார்மமைடு வயிற்றில் வளரும் சிசுவைப் பாதிக்கும் பொருள். கையுறை, புகைக்கூண்டு இரண்டும் கட்டாயம்.

இந்த முறையில் ஸ்லைடில் காய்ந்த உட்கரு தட்டையாகிவிடும். இரண்டு மரபணுக்கள் ஒட்டியிருக்கின்றனவா, ஒரு மரபணு குரோமோசென்டரோடு சேர்ந்திருக்கிறதா என்ற கேள்விகளுக்கு அது பெரும்பாலும் தாங்கும். விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கேள்விக்குத் தாங்காது. அதற்கு உட்கருக்களை அக்ரிலமைடு ஜெல்லில் பதித்தோ, திசுவை முழுதாக வைத்தோ ஃபிஷ் செய்யுங்கள். கூடுதல் நாட்கள் ஆகும், சிக்னலும் குறையும். ஆனாலும் வேறு வழி இல்லை.

உயிருள்ள செடியிலேயே மரபணுவைப் பின்தொடர வேண்டுமா? அதன் அருகில் லாக்-ஓ என்ற பாக்டீரிய வரிசையை நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்து, அதைப் பிடிக்கும் புரதத்தோடு ஜிஎஃப்பி-யை இணைப்பது ஒரு வழி. பூப்பதைத் தடுக்கும் எஃப்எல்சி மரபணுவின் இரு பிரதிகளும் நீண்ட குளிரின்போது ஒன்றுகூடுகின்றன என்பது 2013-இல் இப்படித்தான் காட்டப்பட்டது. குளிரில் அந்த மரபணு அடங்குவதோடு சேர்ந்தே இது நடக்கிறது. ஆனால் அடுக்கு வரிசைகள் தாமாகவே ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொள்ளவும், ஹெட்டிரோகுரோமாட்டின் பக்கம் சாயவும் கூடும் என்பதும் அராபிடாப்சிஸிலேயே காட்டப்பட்டிருக்கிறது. அடையாளமே இடத்தை மாற்றுகிறது. எனவே அதே அடுக்கு வேறு இடத்தில் செருகப்பட்ட செடியையும் அதே நிலைமையில் பார்த்தாக வேண்டும். அடையாளம் போடாத செடியில் ஃபிஷ் செய்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

அளப்பது

இனி தொடங்கிய கணக்குக்கே வருவோம். கன்ஃபோகல் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காக எடுத்த படங்களை ஒரே தளத்தில் நசுக்கி, அதில் தூரம் அளப்பது பரவலான பழக்கம். அதே 10 மைக்ரோமீட்டர் கோளத்தில், தற்செயலாகச் சிதறிய புள்ளிகளில் 49% முப்பரிமாணத்தில் விளிம்பிலிருந்து 1 மைக்ரோமீட்டருக்குள் இருக்கும் என்று பார்த்தோம். நசுக்கிய படத்தில் அளந்தால் அது 22% ஆகிவிடுகிறது, ஏனென்றால் மேலும் கீழும் உறையை ஒட்டியிருக்கும் புள்ளிகள் எல்லாம் நடுவில் இருப்பது போலத் தெரியும். ஸ்லைடில் காய்ந்து வட்டத்தகடாகிப்போன உட்கருவில் 36%. நியூக்ளியோலஸ் பாதி விட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து மரபணுவை உள்ளே விடவில்லை என்று வையுங்கள். முப்பரிமாண எண் 56% ஆக ஏறும். மரபணு ஒன்றுமே செய்யாமல் 22-இலிருந்து 56 வரை எந்த எண்ணும் கிடைக்கலாம்.

அதனால் உங்கள் உட்கருக்களின் உண்மையான வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டாபி அல்லது உறைப் புரதத்தின் படத்திலிருந்து ஒவ்வோர் உட்கருவின் முப்பரிமாண எல்லையை வரைந்து, நியூக்ளியோலஸை வெட்டியெடுத்து, மிஞ்சிய இடத்தில் கணினியை ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தற்செயலாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் மரபணுவின் தூரங்களை அந்தப் பரவலோடு ஒப்பிடுங்கள். படங்களை அளக்கும் ஃபிஜி மென்பொருளும் கொஞ்சம் பைத்தானும் போதும்.

உட்கருவைக் கன அளவு சமமான ஓடுகளாகப் பிரித்து எண்ணுவதும் உண்டு. தற்செயல் என்றால் எல்லா ஓட்டிலும் ஒரே எண்ணிக்கை விழவேண்டும். ஆனால் அளவோடு பிரியுங்கள். இதே கோளத்தை ஐந்து ஓடாக்கினால் வெளி ஓட்டின் தடிமன் 0.36 மைக்ரோமீட்டர்தான். கன்ஃபோகல் பக்கவாட்டில் 0.2 மைக்ரோமீட்டர் பிரித்துக் காட்டும், ஆழத்தில் 0.5 முதல் 0.7 வரைதான். பார்க்க முடியாத ஓட்டில் எண்ணிக்கை போடுவதாகிவிடும். மூன்றாகப் பிரித்தால் வெளி ஓடு 0.63, சாதாரண கன்ஃபோகலுக்கு நான் அதற்கு மேல் போவதில்லை.

இன்னும் சில. ஒரே உட்கருவில் இருக்கும் இரண்டு புள்ளிகள் இரண்டு தனி மாதிரிகள் அல்ல. ஒரே செடியின் நூறு உட்கருக்களும் நூறு மாதிரிகள் அல்ல. செடிகளை எண்ணுங்கள். பல நிறம் ஒளிரும் சின்ன மணிகளைப் படமெடுத்து, நிறங்களுக்கு இடையே எவ்வளவு விலகல் இருக்கிறது என்று அதே நாளில் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக ஆழத்தில் இந்த விலகல் அதிகம். ஸ்லைடின் பெயரை வேறொருவர் மறைத்து எண் ஒட்டித் தரட்டும். எல்லைக்கோடு வரையும் கை, விடை தெரிந்தால் சாய்ந்துவிடும்.

இடம் மாறியது தெரிந்தபின்

சிஏபி மரபணுக்கள், அதாவது பச்சையத்தைத் தாங்கும் புரதங்களுக்கானவை, இருட்டு நாற்றில் உட்புறமாக இருந்து, சிவப்பு ஒளி பட்டதும் ஓரத்துக்கு நகர்கின்றன என்று 2014-இல் காட்டினார்கள். இதில் நான் மிகவும் மதிப்பது ஒப்பீட்டின் ஒழுங்கை: மரபணு முழுவீச்சில் படியெடுக்கப்படுவதற்கு முன்பே நகர்வு நடந்துவிடுகிறது என்பதை நேரவரிசையாகப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் சோதனையிலும் முன், பின் என்ற இரண்டு நேரங்களோடு நிற்காதீர்கள். இடையில் சில நேரங்களில் செடியை எடுத்து, ஒரு பகுதியில் ஃபிஷ், மறு பகுதியில் ஆர்என்ஏ அளவு. எது முந்தியது என்று தெரியாமல் காரணம் பேச முடியாது. விலங்கு செல்களில் ஓரம் என்றாலே அடங்கிய மரபணுக்களின் இடம் என்று பழகியவர்களுக்கு, இங்கே வேலைசெய்யும் மரபணு ஓரத்துக்குப் போவது புதிதாக இருக்கும். அதே சமயம் அராபிடாப்சிஸின் உறையை ஒட்டி அடங்கிய பகுதிகளும் சேர்கின்றன. ஓரத்தைப் பொதுவாக ஒரே பொருளில் படிக்காதீர்கள். உங்கள் மரபணுவுக்கு என்ன பொருள் என்று மட்டும் கேளுங்கள்.

காரணத்தைத் தேடும்போது பலரும் கிரவுன் மரபணு பழுதான செடிகளை எடுப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தச் செடிகளில் உட்கருவே சிறுத்து உருண்டையாகிவிடுகிறது. உட்கரு சிறுத்தால் எல்லா மரபணுக்களும் மைக்ரோமீட்டர் கணக்கில் உறைக்கு நெருங்கும், ஒன்றும் நகராமலே. எனவே இரண்டு வகைச் செடிகளின் தூரங்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். சாதாரணச் செடியின் தூரங்களை அதன் உட்கருக்களில் போட்ட தற்செயல் புள்ளிகளோடும், பழுதான செடியின் தூரங்களை அதன் சொந்த உட்கருக்களில் போட்ட தற்செயல் புள்ளிகளோடும் ஒப்பிட்டு, அந்த இரண்டு வித்தியாசங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கட்டுரையில் வரைபடமாகப் போட வேண்டியதும் அதைத்தான்.